சிம் ரேசிங் (கணினியில் ஓட்டும் கார்ப் பந்தயம்): உங்களுக்கு எந்த வகை சர்க்யூட் பிடிக்கும், ஏன்?

ஏபெக்ஸ்_அரசு

வணக்கம் நண்பர்களே. பிடித்த ட்ராக் எது என்று கேட்டால் பெல்ஜியத்தின் ஸ்பா, ஜப்பானின் சுஸுகா, ஜெர்மனியின் நோர்ட்ஷ்லைஃப என்று பெயர்கள் வரிசையாக வந்துவிடும். நான் கேட்க வருவது வகையைப் பற்றி. மேடு பள்ளங்களோடு நெளிந்து ஓடும் பழைய சர்க்யூட், நீண்ட நேர்பாதையும் கடும் பிரேக்கிங்கும் மாறி மாறி வரும் நவீன சர்க்யூட், இருபுறமும் சுவர் நிற்கும் தெரு சர்க்யூட், இரண்டு மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும் க்ளப் சர்க்யூட், முட்டை வடிவ ஓவல். இவற்றில் உங்கள் மனம் எதில் நிற்கிறது, என்ன காரணத்தால்?

கேட்பதற்கு ஒரு தேவையும் இருக்கிறது. எங்கள் லீக்கின் அடுத்த சீசனுக்கு ஆறு சர்க்யூட் முடிவு செய்ய வேண்டும். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற சிம், ஜிடி3 வகைப் பந்தய கார்கள், 20 பேர், 60 நிமிடப் பந்தயம். பாதிப் பேர் புதியவர்கள். பெரும்பாலோரிடம் ஒற்றை மானிட்டர்தான். தனியாக ஓட்டும்போது இனிக்கிற ட்ராக் பந்தயத்தில் சப்பென்று போய்விடுகிறது. தனியாக ஓட்டச் சலிப்பூட்டும் ட்ராக் பந்தயத்தில் சூடு பிடிக்கிறது. இது ஏன் என்று புரிந்தால் தேர்வு சுலபமாகும். வளைவு வளைவாகச் சொன்னால் நல்லது.

சாய்தளம்

மேடு பள்ளம் உள்ள சர்க்யூட்தான் என் தேர்வு. சிம்மில் நமக்குக் கிடைக்கும் தகவலின் அளவுதான் அதற்குக் காரணம். நிஜக் காரில் பின்பக்கம் நழுவத் தொடங்குவதை முதுகும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் முதலில் சொல்லிவிடும். சிம்மில் அந்த இரண்டும் கிடையாது. ஸ்டியரிங்கின் கனம், டயர் சத்தம், கண் பார்ப்பது, இவ்வளவுதான் மிச்சம். கார் பள்ளத்தில் அமுங்கும்போது முன் டயர்மேல் சுமை கூடி ஸ்டியரிங் கனக்கிறது. மேட்டைத் தாண்டும்போது சுமை குறைந்து லேசாகிறது. ஆக, பிடிமானம் ஏறுவதும் இறங்குவதும் கைக்கே வந்து சேர்கிறது. சமதள ட்ராக்கில் கனம் ஒரே சீராக இருப்பதால், டயர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது.

ஸ்பாவின் ஓ ரூஜ், ரைடியோனை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இடது, ஏற்றத்தில் வலது, உச்சியில் கண்ணுக்குத் தெரியாத இடது. கார் பள்ளத்தில் அமுங்கி முன் டயரில் சுமை நிறைந்திருக்கும் அந்தக் கணத்தில் வலதுக்கான திருப்பத்தின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். உச்சியை அடையும்போது ஸ்டியரிங் கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே கார் லேசாகிவிடும். அந்த நேரத்தில் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) சட்டென்று விட்டால் எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் சுழலும். இங்கே நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அதிக வேகத்தால் வருவதில்லை, பாதியில் பயந்து காலை எடுப்பதால் வருபவை. சந்தேகம் இருந்தால் பள்ளத்துக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே லேசாக விட்டுவிட்டு, பிறகு சீராக அழுத்திக்கொண்டே ஏறுங்கள்.

லகுனா செகாவின் கார்க்ஸ்க்ரூ இன்னும் நல்ல பாடம். சுமார் 137 மீட்டர் தூரத்தில் 18 மீட்டர் இறக்கம். ஆனால் பிரேக் போடுவது ஏற்றத்தில். ஏற்றமே காரைப் பிடித்து நிறுத்துவதால், புதியவர்கள் தேவைக்கு முன்பே பிரேக் போட்டு வேகத்தை வீணாக்குவார்கள். அடுத்த தவறு, உச்சிக்கு வந்த பிறகும் பிரேக்கை அழுத்தியபடியே திருப்புவது. அங்கே முன் டயரில் சுமை இல்லை. ஏபிஎஸ் உள்ள ஜிடி3 அப்படியே நேராக ஓடும், ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உச்சிக்கு முன்பே பிரேக்கை விடத் தொடங்கி, வலப்பக்க வளைவு கண்ணுக்குத் தெரியுமுன்பே இடதுக்குத் திருப்பத் தொடங்க வேண்டும்.

சாய்வும் இதே கதைதான். 2020ல் பந்தயத்துக்காக மாற்றியமைத்த சாண்ட்வோர்ட்டில் ஹூகன்ஹோல்ட்ஸ் வளைவின் வெளிப்பக்கம் 19 டிகிரி வரை சாய்ந்திருக்கிறது. மேலே போகப் போகச் சரிவு கூடும். உள்விளிம்பைப் பிடித்தால் தூரம் குறையும், ஆனால் சரிவின் உதவி கிடைக்காது. காரை மேலே ஏறவிட்டு அங்கிருந்து இறங்கினால் த்ராட்டிலைச் சீக்கிரம் முழுதாக அழுத்தலாம்.

தனியாக ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னால் சுஸுகாதான். மூன்றாம் வளைவு தொடங்கி வரும் எஸ் வளைவுகளில் ஒவ்வொன்றின் வெளியேற்றமும் அடுத்ததின் நுழைவு. அவற்றில் முதலாவதில் அரை கார் அகலம் வெளியே போனால் அந்தத் தவறு டன்லப் வளைவு வரை கூடவே வரும். அங்கே மீட்பு முயற்சி செய்யாமல், ஒரு வளைவை முழுதாக விட்டுக்கொடுத்து அடுத்ததற்குச் சரியான கோட்டில் வருவதுதான் நேரத்தைக் காப்பாற்றும்.

பிட்லேன்_பாரி

சாய்தளம் சொன்னதெல்லாம் தனி ஓட்டத்துக்குச் சரி. 20 கார் பந்தயத்துக்குக் கணக்கே வேறு, அரசு கேட்ட முரணுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

முந்துவதற்கு மூன்று விஷயம் ஒரே இடத்தில் சேர வேண்டும். மெதுவான வளைவில் இருந்து வெளியேற்றம், அதன்பின் நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் இரண்டு கார் அருகருகே நுழையக்கூடிய கடும் பிரேக்கிங். ஸ்பாவில் லா சோர்ஸ் ஹேர்பின்னில் (யு வடிவ வளைவில்) தொடங்கி கெம்மல் நேர்பாதை வழியாக லே கோம்ப் வரை இது அப்படியே அமைந்திருக்கிறது. சுஸுகாவில் எஸ் வளைவுகளில் முன்னால் இருப்பவரை ஒட்டிப் போனால் அவர் கிளப்பும் கலங்கிய காற்றில் உங்கள் காரின் முன்பக்க டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) குறைந்து அண்டர்ஸ்டியர் வரும், அதாவது கார் போதிய அளவு திரும்பாது. இடைவெளி விட்டே ஆக வேண்டும். மிஞ்சுவது கடைசி சிகேனும் (வேகத்தைக் குறைக்க வைத்த அடுத்தடுத்த இட, வல வளைவுகள்) முதல் வளைவும்தான். ஹங்கரோரிங்கும் அப்படித்தான், 4.381 கி.மீ. ட்ராக்கில் முதல் வளைவை விட்டால் மற்ற இடமெல்லாம் எதிரி தவறு செய்யக் காத்திருப்பதுதான்.

என் விருப்பம் மொன்சா. ஓட்டுவதற்கு வளைவு குறைவு, அதனால் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 5.793 கி.மீ.யில் நான்கு இடத்தில் பிரேக்கிங் சண்டை நடக்கும். ஆனால் முதல் சிகேனில் கொத்தாக மோதல் நடப்பதற்குக் காரணங்கள் தெளிவானவை, தடுக்கவும் முடியும். முன் காரின் ஸ்லிப்ஸ்ட்ரீமில், அதாவது அது காற்றைக் கிழித்துப் போன பாதையில், வரும்போது வேகம் கூடுகிறது, காற்றின் தடை குறைகிறது. அதாவது நிறுத்தும் தூரம் நீள்கிறது. தனியாக ஓட்டிப் பழகிய அதே இடத்தில் பிரேக் போட்டால் முன் காரின் பின்புறத்தில்தான் போய் நிற்பீர்கள். முதல் சுற்றில் டயரும் பிரேக்கும் குளிர்ந்திருப்பதையும் சேர்த்து, வழக்கமான இடத்துக்கு 30 முதல் 40 மீட்டர் முன்பே போடச் சொல்லுங்கள். பிறகான சுற்றுகளில் ஸ்லிப்ஸ்ட்ரீமில் இருந்தால் 10, 15 மீட்டர் போதும். இன்னொன்று, நேர் பின்னால் ஒட்டி வந்தால் வளைவுக்கு எத்தனை மீட்டர் என்று காட்டும் பிரேக்கிங் பலகையே தெரியாது. அரை கார் அகலம் பக்கவாட்டில் விலகி வந்தால் பலகையும் தெரியும், தப்பிக்க வழியும் இருக்கும்.

2012ல் திறந்த அமெரிக்காஸ் சர்க்யூட்டின் முதல் வளைவும் பந்தயத்துக்கு அருமை. செங்குத்தான ஏற்றம், அகலமான நுழைவு. உள்ளே பாய்ந்தவர் வெளியேற்றத்தில் தாராளமாக விரிய வேண்டியிருக்கும், வெளியே இருந்தவர் குறுக்காக வெட்டித் திரும்பப் பிடிக்கலாம். இப்படிப்பட்ட வளைவில் சண்டை ஒரே பாய்ச்சலில் முடியாது. ஆனால் இவ்வகை ட்ராக்குகளில் வளைவுக்கு வெளியே சரளைக்குப் பதில் தார். யார் எல்லை தாண்டினார் என்பதைத் தரை முடிவு செய்யாது, நிரல்தான் முடிவு செய்யும். எனவே ட்ராக் லிமிட் எச்சரிக்கை எத்தனை வரை விடுவீர்கள் என்பதை சீசனுக்கு முன்பே எழுதி வையுங்கள். பயிற்சியில் கெர்புக்கு (ட்ராக் ஓர விளிம்புக்கு) வெளியே நான்கு சக்கரமும் போகிற கோட்டைப் பழகியவர் பந்தயத்தில் தண்டனை வாங்குவார்.

குட்டிச்சுற்று

என் ஓட்டு குட்டி சர்க்யூட்டுக்கு. ப்ராண்ட்ஸ் ஹேட்ச் இண்டி, லைம் ராக், ட்சுகுபா மாதிரி. ஏன்னு ஒரு கணக்குல சொல்றேன். சுற்றுக்கு 50 விநாடின்னா ஒரு மணி நேரத்துல 72 தடவை அதே பிரேக்கிங் புள்ளிக்கு வர்றீங்க. நோர்ட்ஷ்லைஃபல ஒரு சுற்று 8 நிமிஷம் 20 விநாடின்னு வச்சா, அதே ஒரு மணி நேரத்துல 7 தடவை. எதுல கை சீக்கிரம் பழகும்?

புதுசா வர்றவங்களுக்கு ஐரேசிங்ங்கிற சிம்ல லைம் ராக் ஆரம்பத்துலயே கிடைக்குது, எம்எக்ஸ்-5 காரும் கூடவே வருது. டவுன்ஃபோர்ஸ் இல்லாத, பவர் கம்மியான கார். வேகத்தைத் தொலைச்சா திரும்ப எடுக்கவே முடியாது, அதனால தப்பு உடனே நேரத்துல தெரியும். பழகுற முறை: பெட்ரோல் கொஞ்சமா போட்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். முதல்ல பிரேக் போடுற இடத்தை மாத்தாம, பிரேக்கை விடுற வேகத்தை மட்டும் மாத்திப் பாருங்க. சட்டுன்னு விட்டா மூக்கு தூக்கி அண்டர்ஸ்டியர் வரும். ஏபெக்ஸ் (வளைவோட உள்விளிம்புப் புள்ளி) வரைக்கும் மெல்ல விட்டா கார் தானே உள்ள திரும்பும். இது கைக்கு வந்தப்புறம்தான் பிரேக் புள்ளியைத் தள்ளணும். ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எது உதவுச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியாது.

பிரேக்குக்கு அடையாளமா கூம்பையோ நிழலையோ வைக்காதீங்க. ஐரேசிங்ல கூம்பும் பலகையும் யாராவது இடிச்சா பறந்துடும், நிழல் பந்தய நேரத்தைப் பொறுத்து நகரும். தார் நிறம் மாறுற கோடு, வேலிக் கம்பம், கெர்ப் தொடங்குற இடம், இந்த மாதிரி நகராத ஒண்ணைப் பிடிங்க.

ஆனா அரசு அண்ணா, உங்க லீக்குக்கு ரொம்பக் குட்டி ஒத்துவராது. 1.944 கி.மீ. இண்டில 20 ஜிடி3 விட்டா ஒரு காருக்கு 97 மீட்டர்தான். பத்து நிமிஷத்துல சுற்று பின்தங்குனவங்க நடுவுல வந்து மாட்டுவாங்க. எப்படியும் உங்க சிம்ல இருக்கறது 3.9 கி.மீ. முழு ப்ராண்ட்ஸ் ஹேட்ச். அது ஓட்ட ரொம்ப ருசியான ட்ராக், பேடக் ஹில் வளைவுல இறக்கத்துல மூக்கு விழுற உணர்வு வேற எங்கயும் இல்லை. ஆனா ரொம்பக் குறுகல். நீலக் கொடி (வேகமான கார் முந்த வருதுங்கிற எச்சரிக்கை) வந்தா யார் என்ன செய்யணும்னு முன்னாடியே பேசி வைங்க: பின்தங்குனவர் தன் கோட்டுலயே போகணும், முந்துறவர் இடம் தேடணும். ரெண்டு பேரும் ஒதுங்குனாத்தான் மோதல்.

ஏபெக்ஸ்_அரசு

அருமை. முரண் இப்போது புரிகிறது. ஒரு கேள்வி: ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பனோரமாவும் நோர்ட்ஷ்லைஃபவும் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். பாதிப் பேர் புதியவர்களாக இருக்கும்போது வைக்கலாமா? ஒற்றை மானிட்டரில் சுவர் ஓரம் ஓட்டுவதற்கு ஏதாவது வழி உண்டா?

நான்காம்_கியர்

எனக்குச் சுவர் உள்ள ட்ராக்தான் பிடிக்கும், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில் மானிட்டர். பலர் பார்வைக் கோணத்தை அகலமாக வைத்துவிட்டு, சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பார்கள். அகலக் கோணத்தில் வளைவு இருப்பதைவிடத் தூரமாகவும் வேகம் அதிகமாகவும் தோன்றும். பிரேக் முன்கூட்டி விழும், திருப்பம் தாமதமாகும். கணக்கு எளிது. திரையின் அகலத்தில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதன் ஆர்க்டான் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 27 அங்குலத் திரை சுமார் 60 செ.மீ. அகலம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் கிடைக்கோணம் 53 டிகிரி. உயரத்தை வைத்துப் போட்டால் செங்குத்துக் கோணம் 31 டிகிரி. ஐரேசிங் கிடைக்கோணத்தைக் கேட்கும், அசெட்டோ கோர்சா செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். ஒன்றின் எண்ணை இன்னொன்றில் போட்டுவிட்டுக் குழம்புபவர்கள் நிறைய. திரையை ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒட்டி நகர்த்துவதுதான் பணம் செலவில்லாத சிறந்த மேம்பாடு. இந்தக் கோணத்தில் பக்கத்துக் கார் தெரியாது. அதற்கு இடம், வலம் பார்க்கும் பட்டன்களை ஸ்டியரிங்கில் வையுங்கள், பக்கத்தில் கார் இருப்பதைச் சொல்லும் க்ரூ சீஃப் நிரலின் ஸ்பாட்டர் குரலைப் போடுங்கள்.

இனி மவுண்ட் பனோரமா. 6.213 கி.மீ., அடிக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். இதை இரண்டு ட்ராக்காகப் பாருங்கள். கீழே நேர்பாதைகள், முந்தும் இடங்கள்: மவுண்டன் நேர்பாதை முடிவில் க்ரிஃபின்ஸ் வளைவு, கான்ராட் நேர்பாதை முடிவில் சேஸ், பிறகு கடைசி மர்ரேஸ் வளைவு. மேலே கட்டிங் தொடங்கி ஃபாரஸ்ட்ஸ் எல்போ வரை ஒருவர் பின் ஒருவராகத்தான். மலைமேல் முந்தக்கூடாது என்று விதியே போடலாம். ஸ்கைலைனுக்குப் பிறகு இறக்கத்தில் பிரேக் போடும்போது எடை முழுக்க முன்னால் இருப்பதால் பின்பக்கம் ஆடும். பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசை பிரியும் விகிதத்தை) அரை முதல் ஒரு சதவீதம் முன்னால் தள்ளினால் அடங்கும். ஃபாரஸ்ட்ஸ் எல்போவில் சீக்கிரம் த்ராட்டில் கொடுத்தால் இடப்பக்க ஏபெக்ஸ் முடிந்ததும் வெளிச்சுவர் காரை வாங்கிக்கொள்ளும். அங்கே இழக்கும் 0.1 விநாடி கான்ராட் முழுக்கப் பெருகும், எனவே நுழைவை விட்டுக்கொடுத்து வெளியேற்றத்தைப் பாருங்கள். புதியவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: மலைப்பகுதியை ஒரு கியர் கூடுதலாக வைத்து, சுவரில் உரசாமல் பத்துச் சுற்று. கியர் கூடுதலாக இருந்தால் த்ராட்டில் தவறுக்கு மன்னிப்பு உண்டு. உரசாமல் வரும்வரை வேகத்தைத் தொடவே வேண்டாம்.

நோர்ட்ஷ்லைஃப 20.832 கி.மீ., உங்கள் சிம்மில் இருக்கும் 24 மணி நேர வடிவம் 25.378 கி.மீ. வளைவுகள் 70க்கு மேல். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முனைவதுதான் பலரும் தோற்கும் இடம். ஆபத்தான, கண்ணுக்குத் தெரியாத சிலவற்றை மட்டும் முதலில் பிடியுங்கள். ஃப்ளூக்ப்ளாட்ஸ் மேட்டில் ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். ஷ்வேடன்க்ராய்ட்ஸ் இடது, மேட்டுக்குப் பின்னால் வருவதால் பார்ப்பதைவிட வேகமானது. ஃபுக்ஸ்ரோரெயின் அடியில் கார் தரையில் தட்டும், தட்டிய பிறகு ஏற்றத்தில் கார் நிலைபட்டதும்தான் ஆடெனாவர் ஃபோர்ஸ்டுக்கு பிரேக். ப்ஃப்ளான்ஸ்கார்டனில் குதித்து இறங்கும்போது சக்கரம் திரும்பியிருந்தால் இறங்கிய நொடியில் கார் பக்கவாட்டில் பாயும். கருஸெல்லில் உள் சக்கரங்களை கான்கிரீட் சரிவுக்குள் இறக்கிவிட்டு, அது முடியும்வரை ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். காரின் அடிப்பகுதி தரையிலிருந்து நிற்கும் உயரத்தைச் சாதாரண ட்ராக்கைவிடச் சில மில்லிமீட்டர் ஏற்றி, வேகமான பம்ப் டேம்பிங்கை (சட்டென்று அமுங்கும்போது ஷாக் அப்சார்பர் காட்டும் எதிர்ப்பை) தளர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

டயர் பிரஷரை வழக்கம்போல வைத்தால் தப்பு. டொட்டிங்கர் ஹோஹெ நேர்பாதையில் டயர் குளிர்ந்துவிடும், ஒரு சுற்றுக்குள்ளேயே பிரஷர் ஏறி இறங்கும். வளைவுகள் நெருங்கி வரும் பகுதியில் 26 முதல் 27 பிஎஸ்ஐக்குள் இருக்கும்படி பாருங்கள், நேர்பாதை முடிவில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். காற்றின் வெப்பம் 1 டிகிரி மாறினால் சுமார் 0.1 பிஎஸ்ஐ மாறும் என்ற கணக்கு இங்கும் பொருந்தும்.

என் கருத்தில், பனோரமாவைக் கடைசிப் பந்தயமாக வையுங்கள். நோர்ட்ஷ்லைஃபவைப் புள்ளிகள் இல்லாத தனிப் பந்தயமாக நடத்துங்கள். முதல் சுற்றிலேயே சுவரில் விட்டவர் பிட்டுக்கு வர 20 கி.மீ. ஊர்ந்து வர வேண்டியிருக்கும், சீசன் புள்ளிகளை அதில் பணயம் வைப்பது நியாயமில்லை.

இடதுதிருப்பம்

ஓவலை யாரும் தொடவில்லையே. இடப்பக்கம் மட்டும் திருப்புவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 0.526 மைல் நீளமே உள்ள மார்ட்டின்ஸ்வில்லில் 50 சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கடும் பிரேக்கிங், வலது முன் டயர் மெல்ல மெல்லச் சாகும். முதல் பத்துச் சுற்றில் டயரை வருத்திச் சுற்றுக்கு 0.1 விநாடி மிச்சம் பிடித்தவர் கடைசிப் பத்தில் அரை விநாடி இழப்பார். டல்லடேகாவின் 33 டிகிரி சரிவில் வேலையே வேறு, அங்கே யார் பின்னால் நிற்கிறோம் என்பதுதான் எல்லாம். உங்கள் சிம்மில் ஓவல் இல்லை என்பது தெரியும். ஆனாலும் டயரைக் காப்பாற்றக் கற்க இதைவிட நேரடியான பள்ளி இல்லை.

சாய்தளம்

ஃபோர்ஸ் ஃபீட்பேக் (மோட்டார் ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தரும் விசை) பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சமதள ட்ராக்கில் சரியாக வைத்த கெயின் (அந்த விசையின் அளவு), ஸ்பாவிலும் நோர்ட்ஷ்லைஃபவிலும் வெட்டுப்படும். பள்ளத்தில் விசை மோட்டாரின் எல்லையைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் மாற்றம் எதுவும் கைக்கு வராது. மேடு பள்ளத்தின் பயனே போய்விடும். பெடல் அளவுகளோடு திரையில் வரும் விசைக் கோட்டைப் பாருங்கள். ரைடியோனின் அடியில் ஒரு கணம் சிவப்பாகலாம். பூவோன் போன்ற நீண்ட வளைவு முழுக்கச் சிவப்பாக இருந்தால் கெயினை ஐந்து ஐந்து சதவீதமாகக் குறையுங்கள். ஐரேசிங்கில் சில சுத்தமான சுற்றுகள் ஓட்டிவிட்டு ஆட்டோ பட்டனை அழுத்தினால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும், ஆனால் சுவரில் மோதிய சுற்றுக்குப் பிறகு அழுத்தக்கூடாது. அந்த மோதலின் விசையையும் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் பலவீனமாக்கிவிடும்.

பிட்லேன்_பாரி

ஆறு கேட்டீர்கள் இல்லையா, இவற்றை வையுங்கள், இது வரிசை அல்ல: மொன்சா, ப்ராண்ட்ஸ் ஹேட்ச், அமெரிக்காஸ், சுஸுகா, ஸ்பா, மவுண்ட் பனோரமா. முதல் பந்தயம் மொன்சா வேண்டாம், முதல் சிகேன் புதியவர்களைத் தின்றுவிடும். அமெரிக்காஸில் தொடங்குங்கள், அகலமும் வெளித்தாரும் மன்னிக்கும். சுஸுகாவில் முந்துவது கடினம் என்பதால் தகுதிச் சுற்றுக்கு 15 நிமிடம் கொடுங்கள்.

ஸ்பாவுக்கு விங் (டவுன்ஃபோர்ஸ் தரும் பின் இறக்கை) விஷயத்தில் எல்லோரும் சண்டை போடுவார்கள். சுற்றை மூன்றாகப் பிரித்தால் முதல், மூன்றாம் பகுதிக்குக் குறைந்த விங், நடுப்பகுதிக்கு அதிக விங் வேண்டும். தகுதிச் சுற்றில் அதிக விங் வேகமாகத் தெரியலாம், பந்தயத்தில் கெம்மலில் உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். புதியவர்களுக்கு மட்டும் ஒரு படி கூடுதல் விங் சொல்லுங்கள், ரைடியோனில் அது அவர்களைக் காப்பாற்றும்.

எரிபொருள்: ஸ்பாவில் சுற்றுக்கு 2 நிமிடம் 18 விநாடி என்றால் 60 நிமிடத்தில் 26 சுற்று முடிந்து 27வது சுற்றில் இருப்பீர்கள். அந்தச் சுற்றையும் முடிக்க வேண்டும். சுற்றுக்கு 3.8 லிட்டர் குடிக்கும் காருக்கு 27ஐப் பெருக்கினால் 102.6 லிட்டர். ஃபார்மேஷன் சுற்றுக்கும் (தொடக்கத்துக்கு முன் வரிசையாக ஓடும் சுற்று) சேர்த்து ஒரு சுற்றளவு கூடுதலாகப் போட்டு 107 வையுங்கள். முன்னணியில் ஓடுபவர் கொஞ்சம் வேகமாக இருந்து நேரம் முடியுமுன் கோட்டைத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரு சுற்று கூடும், நீண்ட ட்ராக்கில் அந்த ஒரு சுற்று 7 கி.மீ. சுஸுகாவிலும் பனோரமாவிலும் சுற்று நேரம் சுமார் 2 நிமிடம், அங்கே 30வதோ 31வதோ என்று எல்லைக்கோட்டில் நிற்கும். அந்த இரண்டுக்கும் கூடுதல் சுற்றைக் கணக்கில் சேர்த்தே டேங்கை நிரப்பச் சொல்லுங்கள்.